டாக்டர் சீட்டில் மாத்திரைக்குக் கீழே ஓர் ஆப்: பெங்களூர்க்காரர்கள் அனுபவம் சொல்லுங்க

அல்சூர் ஏரிக்கரை:

சீட்டில் முதல் வரி ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுற மாத்திரை, 0-0-1. அடுத்த வரி தூக்கத்துக்கு, ரெண்டு வாரம் மட்டும். மூணாவது வரியில் ஒரு ஆப் பேரு, பக்கத்துல "தினமும் 15 நிமிடம்". மெடிக்கல் ஷாப் பையன் ரெண்டு அட்டையை எடுத்து வெச்சுட்டு அந்த மூணாவது வரியையே பார்த்துக்கிட்டு நின்னான். "இது நம்மகிட்ட வராது மேடம், கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் பெரிய கடையில கேட்டுப் பாருங்க"ன்னான். டிப்ரஷன்ல இருந்த அந்த மாசத்துல நான் சிரிச்சது அப்போ மட்டும்தான்னு நினைக்கிறேன்.

இங்கே வேற யாருக்காவது இப்படி எழுதிக் கொடுத்திருக்காங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் இதை ஆரம்பிக்கிறேன். முதல்ல என் கதை.

டிப்ரஷன் எவ்வளவுன்னு அளக்க பிஎச்க்யூ-9னு ஒன்பது கேள்வி இருக்கு. கடந்த ரெண்டு வாரத்துல தூக்கம் எப்படி, பசி எப்படி, எதுலயாவது ஆர்வம் இருக்கா, இப்படி. ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 27. பத்தைத் தொட்டா டாக்டருங்க நிமிர்ந்து உட்காருவாங்க. எனக்கு 13. ஆப் இதே கேள்விகளை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கேட்கும். நடுவுல தினமும் சாயங்காலம், அன்னிக்கு மனசு எப்படின்னு மார்க் போட்டு, நாளைக்குச் செய்யப்போற ஒரு சின்ன வேலையை எழுதச் சொல்லும். மனசு வந்தப்புறம் செய்யலாம்னு காத்திருந்தா அது வரவே வராது, செய்ய ஆரம்பிச்சா மெதுவா பின்னாலேயே வரும்ங்கிறதுதான் இதுக்குள்ள இருக்கிற சங்கதி. நான் "நாற்காலி மேல இருக்கிற துணியை மடிக்கணும்"னு போட்டேன். நாற்காலியே தெரியாத அளவுக்குக் குவிஞ்சிருந்தது. மூணு சுடிதார் மடிச்சேன், மிச்சம் அப்படியே கிடந்தது. ஆப் உடனே பட்டாசு வெடிச்சு "அசத்திட்டீங்க!"ன்னுச்சு. போனைத் தூக்கி எறியணும் போல இருந்தது. மூணு சுடிதாருக்கு என்னய்யா அசத்தல்?

ஆனா ரிவ்யூவுக்குப் போனப்போ டாக்டர் முதல்ல கையை நீட்டி போனைத்தான் கேட்டாங்க. கிராஃபை விரலால நகர்த்திப் பார்த்துட்டு, "ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் ஏன் இப்படித் தொபுக்குனு விழுது?"ன்னாங்க. எனக்கே தெரியாது. பேசப் பேசத்தான் புரிஞ்சது, திங்கட்கிழமை காலையில கிளையன்ட் கால். ஒருத்தர் எல்லார் முன்னாடியும் என் பேரைச் சொல்லிக் கிழிக்கிற மீட்டிங் அது. மருந்து ஒரு பக்கம் வேலை செஞ்சுது, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தக் கேள்வி வந்த நாள்லேர்ந்துதான் விஷயம் நகர ஆரம்பிச்சது.

அப்புறம் அந்த டாக்டர் வேற ஊருக்குப் போயிட்டாங்க. புது டாக்டர் நல்லவர்தான், மாத்திரையைச் சரியா பார்ப்பார், ஆப்பைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் அதைத் திறக்கிறதை விட்டுட்டேன்.

தங்கவயல் பையன்:

அக்கா, நீங்க சொல்றதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்றேன். எங்கப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு. கோலார் தங்கவயல்ல சுரங்க வேலை. 2001 பிப்ரவரியில சுரங்கத்தை மூடினப்புறம் எங்களோட பெங்களூர் வந்துட்டாரு, இப்ப கக்கதாசபுரத்துல இருக்கோம். அம்மா தவறினதுலேர்ந்து ஆளு பாதியாயிட்டாரு. தாடி எடுக்கறதில்ல, காப்பி ஆறிப்போயி ஆடை கட்டிக் கிடக்கும். ஒரு தனியார் கிளினிக்ல காட்டினோம். மாத்திரை கொடுத்து, "வீட்டுல பையன் இருக்கார்ல, இந்த ஆப்பைப் போட்டு விடுங்க"ன்னாங்க.

ஆப்புல இங்கிலீஷும் இந்தியும்தான். அப்பாவுக்குத் தமிழ் நல்லா படிக்க வரும், தெலுங்கும் கன்னடமும் பேசுவாரு. இங்கிலீஷ்னா சுரங்கத்துல ஷிப்ட் போர்டுல இருக்கிற அளவுக்குத்தான். சோபாவுல பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியா நான் தமிழ்ல கேட்கணும், அவர் சொல்றதை நான் அமுக்கணும். "தூக்கம் வருதாப்பா?" "அதெல்லாம் வருது." "எதுலயும் பிடிப்பு இல்லாத மாதிரி இருக்கா?" "அதெல்லாம் ஒண்ணுமில்லடா." ஒன்பதாவது கேள்வி, செத்துப் போயிட்டா தேவலைன்னு நினைப்பு வருதாங்கிறது. பெத்த மகன் பக்கத்துல உட்கார்ந்து கேட்டா எந்த அப்பா ஆமான்னு சொல்லுவாரு? சைபர். கூட்டிப் பார்த்தா மொத்தம் 4. பச்சைக் கலர்ல "நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள்"னு இங்கிலீஷ்ல வந்திருச்சு. நான் ஸ்கிரீனைப் பார்க்கிறேன், அப்பா மூஞ்சியைப் பார்க்கிறேன். எது பொய்யின்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும்.

நர்ஸா இருக்கிற அத்தை பொண்ணுதான் 14416க்கு அடிக்கச் சொன்னா. டெலி மானஸ்ங்கிற மனநல உதவி லைன் அது, 2022 அக்டோபர் 10ல சென்ட்ரல் கவர்மென்ட் ஆரம்பிச்சது, பின்னால நின்னு நடத்துறது நம்ம பெங்களூர் மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ். காசு கிடையாது, ராத்திரி பகல் எப்ப வேணா அடிக்கலாம், தமிழ்லயும் பேசலாம். ரிங் போனதும் அப்பாகிட்ட போனைக் கொடுத்தேன். அவரு எழுந்து மொட்டை மாடிக்குப் போயி கதவைச் சாத்திக்கிட்டாரு. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இறங்கி வந்தாரு. என்ன பேசினாருன்னு நானும் கேட்கல, அவரும் சொல்லல. நேர்ல வரச் சொல்லியிருக்காங்கன்னு மட்டும் சொன்னாரு.

ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ்ல காலையிலயே க்யூ, அது உங்களுக்கே தெரியும். ஆனா உள்ளே அதே ஒன்பது கேள்வியைத் தமிழ்ல அச்சடிச்ச தாள்ல கொடுத்து, "நீங்களே போடுங்கய்யா"ன்னு என்னை வெளியே அனுப்பிட்டாங்க. மருந்தை மாத்தினாங்க. இப்ப தாடி எடுக்கிறாரு. காப்பியில சக்கரை போதலைன்னு சண்டையும் போடுறாரு.

அல்சூர் ஏரிக்கரை:

சண்டை போடுறாருன்னு படிச்சதும் நிம்மதியா இருக்கு தம்பி. வீட்டாளுங்க போனை வாங்கி அமுக்குற விஷயத்தை நான் யோசிச்சதே இல்ல.

மியூனிக் போய் வந்தவன்:

நான் வேலைக்காக ஜெர்மனியில் சில வருடம் இருந்துவிட்டு இப்போது வைட்ஃபீல்டில். அங்கே இது சட்டப்படியே நடக்கிறது. 2019 டிசம்பரில் சட்டம், 2020 அக்டோபரில் முதல் ஆப்கள் அரசுப் பட்டியலில் ஏறின. மருந்துகளுக்கு அனுமதி தருகிற அதே அரசு நிறுவனம்தான் ஆப்களையும் பார்க்கிறது. பலன் இருக்கிறது என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். உடனே முடியாதென்றால் ஒரு வருடம் தற்காலிக இடம் கிடைக்கும், அதற்குள் ஆதாரம் காட்டாவிட்டால் வெளியே.

எனக்கு அந்த ஊர்க் குளிர்காலத்தில்தான் ஆரம்பித்தது. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். வீட்டு டாக்டர் சீட்டு எழுதினார், அதை இன்சூரன்ஸுக்கு அனுப்பினேன், அவர்கள் ஒரு கோட் அனுப்பினார்கள், ஆப்பில் போட்டதும் 90 நாளுக்குத் திறந்துகொண்டது. என் கையிலிருந்து ஒரு சென்ட் போகவில்லை. உள்ளே கடையில் விற்கிற மாதிரி எதுவும் இல்லை, எழுத்தும் பயிற்சியும்தான். சுவாரசியமே கிடையாது, உண்மையாகச் சொன்னால் இன்கம் டாக்ஸ் படிவம் நிரப்புகிற மாதிரி இருக்கும். எனக்கு அது பிடித்தது. பட்டாசு கிட்டாசு எதுவும் வெடிக்கவில்லை.

ஒரு குறை: எழுதிக் கொடுத்த டாக்டர் திரும்பக் கேட்கவே இல்லை. 90 நாள் முடிந்ததும் "இன்னொரு முறை வேண்டுமா?" என்று ரிசப்ஷனில் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆக, காசு யார் கொடுப்பது என்ற பிரச்சினையைத்தான் அந்த ஊர் தீர்த்திருக்கிறது.

எச்எஸ்ஆர் எலி:

காசுன்னதும் ஞாபகம் வருது. இங்கே ஆப் சந்தா பில்லை கிளைம் பண்ணிப் பாருங்க. மனநோய்க்கும் உடம்பு நோய் மாதிரியே இன்சூரன்ஸ் தரணும்னு 2017 மனநலச் சட்டத்துல எழுதியிருக்கு. என் பாலிசியில அட்மிட் ஆனாத்தான் பணம், ஓபிடியே கிடையாது. இதுல ஆப்புக்கு எங்கே போறது!

எங்க ஆபீஸ்ல ஓசியா ஒரு மனநல ஆப் கொடுத்திருக்காங்க. ஆபீஸ் மெயில் ஐடி போட்டாத்தான் உள்ளே போகலாம். அப்ரைசல் நேரத்துல எவனாவது அதுல "எனக்கு வாழப் பிடிக்கல"ன்னு டைப் பண்ணுவானா? எச்ஆர் பார்க்க மாட்டாங்கன்னு சத்தியம் பண்றாங்க. இருக்கலாம். ஆனா அமெரிக்காவுல பெட்டர்ஹெல்ப்னு ஆன்லைன் கவுன்சலிங் கம்பெனி, ஜனங்க நம்பிக் கொடுத்த விவரத்தை விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுத்ததுன்னு 2023ல அந்த ஊர் வர்த்தக ஆணையம் பிடிச்சு 78 லட்சம் டாலர் கட்ட வெச்சது. அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு எந்த ஆப் மேலயும் நம்பிக்கை இல்ல.

இன்னொண்ணு. ஒரு நாள் ராத்திரி ரொம்ப மோசமா இருந்தப்போ (அந்த ஆபீஸ் ஆப் இல்ல, வேற ஒண்ணு) உண்மையை டைப் பண்ணினேன். உடனே "உதவிக்கு அழையுங்கள்: 988"னு வந்தது. அது அமெரிக்கா நம்பர் சாமி. பெங்களூர்ல இருந்து அதை அடிச்சு என்ன பண்ண? நல்லவேளை, ரூம்மேட் முழிச்சிருந்தான்.

தங்கவயல் பையன்:

எலி அண்ணே, இப்ப எப்படி இருக்கீங்க? 14416 நம்பரை சேவ் பண்ணி வெச்சுக்கோங்க, ப்ளீஸ்.

எச்எஸ்ஆர் எலி:

பண்ணிட்டேன்டா. டாக்டரையும் பார்த்துக்கிட்டு இருக்கேன். பரவாயில்ல இப்போ.

வெள்ளிக்கிழமை ஓபிடி:

நான் மதுரைக்காரி, இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர். ஆப் எழுதிக் கொடுக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதால் எதிர்த்தரப்பிலிருந்து பேசுகிறேன்.

முதலில், இந்தியாவில் ஜெர்மனி மாதிரி பட்டியல் இல்லை. சீட்டில் நாங்கள் எழுதும் அந்த வரி, "காலையில் நடங்கள்" என்பதைப் போன்ற ஒரு யோசனைதான். பிரிட்டனில் 2023-ல் மனச்சோர்வுக்கு மூன்று இணையவழி சிகிச்சைகளுக்குத் தற்காலிகமாகப் பச்சைக்கொடி காட்டினார்கள், அதுவும் பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்து கவனிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. அமெரிக்காவில் 2024-ல் ரீஜாயின் என்ற ஆப்புக்கு அனுமதி கிடைத்தது. ஆறு வாரம், 22 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூடச் சேர்த்து மட்டும். முகங்களைக் காட்டி, அவற்றின் உணர்ச்சியை நினைவில் வைக்கச் சொல்லும் பயிற்சி அதில் பாதி. சோதனையில் நிஜ ஆப்பையும் டம்மி ஆப்பையும் ஒப்பிட்டார்கள். டம்மி வைத்திருந்தவர்களும் ஓரளவு தேறினார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இல்லை. தினமும் ஒரு நேரத்தில் உட்கார்வதும், யாரோ நம்மைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பும் சும்மா இல்லை என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

நிம்ஹான்ஸ் எடுத்த 2015-16 தேசிய மனநல சர்வேயில், மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் அளவுக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்று வந்தது. மருத்துவர்கள் போதாது. என் வெள்ளிக்கிழமை ஓபிடியில் ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதனால்தான் ஆப் எழுதக் கை போகிறது. அதே காரணத்தால்தான் அடுத்த முறை அதைத் திறந்து பார்க்கவும் முடிவதில்லை. ஏரிக்கரை சொன்ன அந்த முதல் டாக்டர் செய்த வேலைக்கு நேரம் வேண்டும். நான் இப்போது எண்ணிக்கையைக் குறைத்துவிட்டேன். யாருடைய போனை வாங்கிப் பார்க்க எனக்கு முடியுமோ அவர்களுக்கு மட்டும் எழுதுகிறேன். கூட ஆள் இருந்து கேட்டால் பலன் கூடும், தனியாக விட்டால் பாதியில் விட்டுவிடுவார்கள் என்பது ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரிகிற விஷயம்தான்.

கடுமையான மனச்சோர்வு, சாவு பற்றிய எண்ணம், மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் இருதுருவக் கோளாறு (பைபோலார்) என்றால் ஆப்பை நம்பி அனுப்பவே மாட்டேன். தங்கவயல் தம்பியின் அப்பா மாதிரி வயதானவர்களுக்கும் யோசிப்பேன். அவருக்கு வேண்டியிருந்தது தனியாகப் பேச ஒரு மொட்டை மாடி.

கம்பெனிகளையும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. மருத்துவர் சீட்டில் எழுதுகிற ஆப்களுக்கு அமெரிக்காவில் முன்னோடியாக இருந்த பியர் தெரப்யூட்டிக்ஸ் 2023-ல் திவாலானது. மனநலத்துக்காகப் பேசும் சாட்பாட்டாக உலகம் முழுக்கப் பேர் வாங்கிய வோபாட் 2025 ஜூனில் ஆப்பை மூடிவிட்டது. மாத்திரை கம்பெனி மூடினால் அதே மருந்தை வேறு கம்பெனி அட்டையில் வாங்கலாம். இதற்கு அந்த வழி இல்லை. உங்கள் பதிவுகளை மாதம் ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மடிவாளா பிஜி வாசி:

டாக்டர் மேடம், ஒரு சந்தேகம். என் ரூம்மேட்டுக்கு ஆப் எழுதிக் கொடுத்திருக்காங்க. அவ நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சதும் மாத்திரையை நிறுத்திட்டா. "ஆப்தான் இருக்கே"ங்கிறா. சரியா?

வெள்ளிக்கிழமை ஓபிடி:

சரியில்லைம்மா. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கம் கெடுவது எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். தேறிய பிறகும் பல மாதம் தொடரச் சொல்வது வழக்கம், குறைப்பதும் படிப்படியாகத்தான். எந்த நாளில் நிறுத்தினாள், என்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதி, நாளைக்கே எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களும் உள்ளே போக வேண்டாம், வெளியே உட்காருங்கள்.

மடிவாளா பிஜி வாசி:

சரிங்க மேடம். காலையில லீவ் சொல்லிட்டு கூட்டிட்டுப் போறேன்.