டொலுயீன் எரிக்கும் வினையூக்கி மந்தமாகிவிட்டது

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் சின்னதாக ஒரு பெயின்ட் பூச்சுக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். உலர்த்தும் அடுப்பிலிருந்து வரும் டொலுயீன், சைலீன் (பெயின்ட் கரைப்பான்கள்) ஆவியை எரிக்க, காப்பர்-மாங்கனீஸ் ஆக்சைடு வினையூக்கி பூசிய கார்டியரைட் (சூடு தாங்கும் செராமிக்) தேன்கூட்டுக் கட்டைகள் வைத்திருக்கிறோம். போட்டு 14 மாதம் ஆகிறது.

முதல் ஒரு வருடம் 280 டிகிரி செல்சியஸிலேயே டொலுயீன் 95 சதவீதத்துக்கு மேல் எரிந்துவிடும். இப்போது அதே சூட்டில் 60-ஐத் தாண்டவில்லை. 350-க்கு ஏற்றினால் சரியாகிறது, ஆனால் கரண்ட் பில் கண்ணைக் கட்டுகிறது. பக்கத்து ஷெட்காரர் வேறு தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

கரி படிந்திருக்கும் என்று நினைத்து, வெறும் காற்றில் 450 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டேன். பலனில்லை. கரியாக இருந்தால் பெரும்பாலும் அதிலேயே போயிருக்க வேண்டும். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை மாற்றினேன். கட்டைகளின் ஓரத்தில் காற்று நழுவுகிறதோ என்று செராமிக் கயிறு வைத்து அடைத்தேன். கட்டைகளுக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வித்தியாசம் பழையபடியேதான்.

என் சந்தேகம் வேறு. 2 மாதத்துக்கு முன் பெயின்டில் சிலிக்கோன் கலந்த சேர்மானம் ஒன்றைச் சேர்க்க ஆரம்பித்தோம் (முதலாளி யோசனை, என்னைக் கேட்கவில்லை). அதன் ஆவி சூட்டில் சிதைந்து சிலிக்காவாக மேற்பரப்பை மூடிவிடும், சுட்டாலும் போகாது. கழற்றிப் பார்த்தால், காற்று நுழையும் பக்கத்துக் கட்டைகளில் மட்டும் கறுப்பின்மேல் வெண்மையான படலம். ஆனால் கார்டியரைட்டிலேயே சிலிக்கான் இருப்பதால், எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிர் மூலம் தனிமங்களைக் கண்டறியும் சோதனை) எடுத்தால் எது எதுவென்று குழப்பும்.

புதுக் கட்டைகள் வாங்குவதற்கு முன், படிந்திருப்பது சிலிக்காதான் என்று உறுதிசெய்ய எந்தச் சோதனை எடுக்க வேண்டும்?