மறு: ட்ரெமலோ பிரிட்ஜ் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். கிட்டாரில் கம்பிகளைத் தாங்கி, கைப்பிடியை அமுக்கினால் ஆடும் ட்ரெமலோ பிரிட்ஜுக்குத் தமிழ்ப் பெயராக இங்கே வந்த யோசனை:

> ட்ரெமலோ என்றால் நடுக்கம். ஆகவே ட்ரெமலோ பிரிட்ஜ் = நடுக்கப் பாலம்.

இதில் இரண்டு பாதியும் எனக்கு ஒப்பவில்லை. முதல் பாதியில் கோளாறு அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டருடையது. 1954இல் அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டார் வந்தபோது அதன் ஆடும் பிரிட்ஜுக்கு அவர் ட்ரெமலோ என்று பெயர் வைத்தார். ட்ரெமலோ என்பது ஒரே சுரத்தைப் படபடவென்று மீட்டுவது, அல்லது ஒலியளவு ஏறி இறங்குவது. இந்தக் கைப்பிடியை அமுக்கினால் மாறுவதோ சுருதி. அதற்குப் பெயர் விப்ராட்டோ. கூத்து என்னவென்றால், அதே ஃபெண்டர் கம்பெனி தன் ஆம்ப்ளிஃபயர்களில் ஒலியளவை ஏற்றி இறக்கும் வசதிக்கு 'விப்ராட்டோ' என்று எழுதி வைத்தது. அவர்கள் மாற்றி ஒட்டிய சீட்டை நாமும் சுமக்க வேண்டாம்.

அப்புறம் பாலம். வீணையிலும் வயலினிலும் தந்தியைத் தாங்குவது குதிரை. கிட்டாருக்கு வந்ததும் எதற்குப் பாலம் கட்டுகிறோம்?

என் பரிந்துரை: ஆடுகுதிரை. அசையாத வகைக்கு நிலைக்குதிரை. கைப்பிடிக்கு ஆட்டுகோல். (வேலூர்ப் பையன்கள் 'வேமி பார்' என்பதை விடப்போவதில்லை. அது போகட்டும்.)

> 'அசைகுதிரை' போதாதா?

போதாது. ஆடுவது திரும்பியும் வரும். அசைந்தது அப்படியே நின்றுவிடலாம். இந்தக் குதிரையின் பிழைப்பே திரும்பி வருவதில்தான் இருக்கிறது. 09 செட் (மிக மெல்லிய கம்பி 0.009 அங்குலத் தடிமன்) போட்டு வழக்கமான சுருதியில் வைத்தால் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ இழுக்கும். பின்பக்கக் குழியிலுள்ள ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கும். குதிரையைக் கிட்டார் உடம்பில் படியாமல் மிதக்க விட்டிருந்தால், இரண்டும் சமமாகும் இடத்தில்தான் அது நிற்கும். அதனால் ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் சற்று இறங்கும். ஒன்று அறுந்தால் மிச்சமெல்லாம் ஏறிவிடும். எங்கள் ஊர்க் கத்திரி வெயில் வேறு. ஏசி அறையில் சுருதி சேர்த்துவிட்டு கன்வென்ஷன் பந்தலுக்கு வந்தால், எஃகு சூட்டில் நீண்டு கம்பி தளர்ந்து, முதல் பாட்டு முடிவதற்குள் கை பிருடைக்கு (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு) போய்விடும்.

> ட்யூனிங் ஸ்டெபிலிட்டி = இசைவு நிலைத்தன்மை?

வாசிப்பவர்கள் 'சுருதி நிக்கல' என்கிறார்கள். ஆகவே சுருதி நிற்பு. அது நிற்காவிட்டால் பழியெல்லாம் ஆடுகுதிரை மேல் விழும். பல நேரம் குற்றவாளி மறுமுனையில் இருக்கிறது: கழுத்தின் தலைப்பக்கம் கம்பி படியும் நட். பிருடையை மெல்லத் திருகிப் பாருங்கள். சுருதி நகராமல் இருந்து, 'டிங்' என்ற சத்தத்தோடு திடீரென்று தாவினால் கம்பி அங்கே சிக்குகிறது. ரிப்பேர்க் கடை அண்ணன் 'நட்டு கம்பியைக் கடிக்குது' என்பார். ஆட்டுகோலை அமுக்கி விட்டபின் கம்பி முழுதாகத் திரும்பாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தாலே பெரும்பாலும் வழிக்கு வரும். பள்ளம் குறுகலாக இருந்தால் அரம்தான். பிருடையில் சுற்று அதிகமானாலும், புதுக் கம்பியை இழுத்துப் பழக்காவிட்டாலும் இதே தொல்லை வரும். சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றித்தான் சேர்க்க வேண்டும். மேலிருந்து இறக்கினால் அந்தத் தளர்ச்சி எங்காவது ஒளிந்திருந்து பாட்டுக்கு நடுவே வெளிவரும்.

நட்டுக்குத் தலைக்காடி எப்படி? தச்சர்கள் பள்ளம் எடுப்பதைக் காடி என்பார்கள். போல்ட்டில் மாட்டும் நட்டோடு குழப்பமும் இராது.

கடைசியாக, ஃபைன் ட்யூனர். ஃபிளாய்ட் ரோஸ் என்பவர் 1979இல் காப்புரிமை பெற்ற ஆடுகுதிரை அமைப்பு கம்பியை இரு முனையிலும் பூட்டிவிடும். தலைக்காடியில் பூட்டியபின் பிருடையைத் திருகிப் பயனில்லை என்பதால், பின்னர் குதிரையிலேயே சின்னத் திருகுகள் வந்தன. வீணையில் குதிரைக்கு அப்பால் தந்தியில் இருக்கும் லங்கர் செய்வதும் இதே வேலை: பிருடையைத் தொடாமல் மயிரிழை சுருதி மாற்றுவது. ஆகவே லங்கர் என்றே சொல்லலாம் என்பது என் கட்சி. அது வேற்றுமொழிச் சொல் என்று மறுப்பவர்கள் 'நுண்திருகி' என்று வைத்துக்கொண்டாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து