மூட்டில் ஊசி போட்ட பிறகு வலி கூடுகிறதா? எத்தனையாவது நாள்?

திரியைத் தொடங்கியவர் (வலி சிகிச்சை மருத்துவர்)

"ஸ்டீராய்டு ஊசி போட்டேன், வலி முன்னைவிட மோசமாகிவிட்டது" என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதுதான். அன்று இரவே கூடிய வலி, நான்காம் நாள் கூடிய வலி, நான்காம் மாதம் கூடிய வலி மூன்றுக்கும் காரணம் வேறு. செய்ய வேண்டியதும் வேறு. இந்தத் துறையில் இருப்பவர்கள் தங்கள் பிரிவில் அடிக்கடி பார்ப்பதை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். நோயாளியை அடையாளம் காட்டும் விவரமும் வேண்டாம்.

செவிலியர், எலும்பு முறிவுப் பிரிவு

"வலியே இல்லையே சிஸ்டர்"னு சிரிச்சுக்கிட்டே போறவங்கதான் ராத்திரி போன் பண்ணுவாங்க. ஊசியில இருக்கறது பெரும்பாலும் ரெண்டு மருந்து. முட்டின்னா ட்ரையாம்சினலோன்ங்கற ஸ்டீராய்டு 40 மி.கி., அதாவது 1 மி.லி. கூடவே மரத்துப்போறதுக்கு லிக்னோகெயின். லிக்னோகெயின் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல விட்டுடும். ஸ்டீராய்டு வேலை செய்ய ரெண்டு மூணு நாள் ஆகும், சிலருக்கு ஒரு வாரம்கூட. நடுவுல பழைய வலி அப்படியே திரும்பி வரும். வலி இல்லைங்கற தைரியத்துல அன்னைக்கே மாடிப்படி ஏறி இறங்கினவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாவே வரும். இதை ஊசி போடறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா பாதி போன் வராது.

நிஜமாவே கூடற வலி இன்னொண்ணு இருக்கு. மருந்துக் குப்பியைக் கொஞ்ச நேரம் அசையாம வெச்சுட்டுப் பாருங்க. அடியில வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கும். அது கரையாத நுண்ணிய படிகம். மெதுவா கரையறதாலதான் ஒரு ஊசி வாரக்கணக்குல வேலை செய்யுது. அதே படிகம் சிலருக்கு மூட்டோட உள்சவ்வை உறுத்தி வீங்க வைக்கும். போட்ட சில மணி நேரத்துல ஆரம்பிச்சு, ஒரு நாளுக்குள்ள உச்சத்துக்குப் போய், ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கும். துணியில சுத்தின ஐஸ் 15 நிமிஷம், நாளுக்கு நாலு தடவை. டாக்டர் சொன்ன அளவுல பாராசிட்டமால். சூடு ஒத்தடம், தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கறது ரெண்டும் வேண்டாம்.

எங்க பக்கம் பார்க்க வேண்டியதும் இருக்கு. குப்பியை நல்லாக் குலுக்கிட்டுத்தான் மருந்தை இழுக்கணும், இழுத்த உடனே போட்டுடணும். சிரிஞ்சிலயே காத்துக்கிட்டிருந்தா மறுபடி படிஞ்சிடும். பல தடவை எடுக்கற பெரிய லிக்னோகெயின் குப்பியில பாரபென்னு ஒரு பதப்படுத்தி இருக்கும். அதோட ஸ்டீராய்டைக் கலந்தா திரிதிரியா சேர வாய்ப்பு இருக்கு. கலக்கறதா இருந்தா பதப்படுத்தி இல்லாத லிக்னோகெயின்தான் எடுக்கணும்.

எலும்பு சிகிச்சை மருத்துவர்

சிஸ்டர் சொன்ன வீக்கம் மூன்றாம் நாள் இறங்க வேண்டும். இறங்காமல் ஏறினால் அது வேறு கதை. ஓரிரு நாள் நன்றாக இருந்துவிட்டு அதற்குப் பிறகு வலி தொடங்கினாலும் அப்படித்தான். மூட்டுக்குள் கிருமி போயிருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றில் நடப்பதுதான். ஆனால் சீழ் பிடித்த மூட்டில் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அரிக்கத் தொடங்கிவிடும்.

"ஜுரம் இல்லையே சார், அப்புறம் எப்படி சீழ்?" என்று கேட்பார்கள். ஸ்டீராய்டு ஜுரத்தையும் சிவப்பையும் அமுக்கி வைக்கும், சர்க்கரை நோயாளிகளில் குறிப்பாக. ஜுரத்தை எதிர்பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. காலை ஊன்றவே முடியவில்லை, முட்டியை லேசாக மடக்கினாலும் உயிர் போகிறது என்றால் அதுவே போதும்.

நடைமுறையில் கெடுவது இங்கேதான்: பக்கத்து கிளினிக்கில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். வலி கொஞ்சம் மட்டுப்படும். பிறகு மூட்டு நீரை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினால் எதுவும் வளராது, எந்தக் கிருமி என்று தெரியாமலே போய்விடும். முதலில் நீரை எடுக்க வேண்டும், ஆன்டிபயாடிக் அதற்குப் பிறகுதான். நல்ல மூட்டு நீர் வைக்கோல் நிறத்தில், பின்னால் பிடித்த எழுத்தைப் படிக்கும்படி தெளிவாக இருக்கும். கலங்கலாக வந்து வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 50,000-ஐத் தாண்டினால் சீழ் மூட்டு என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறோம். அதற்குக் குறைவாக இருந்தால் சீழ் இல்லை என்று அர்த்தமில்லை. ஊசியின் படிகங்களும் நுண்ணோக்கியில் தெரிந்து குழப்பும். என்ன மருந்து, எந்தத் தேதி என்பதை லேப் சீட்டில் எழுதி அனுப்புங்கள்.

பார்மசிஸ்ட்

சர்க்கரை பற்றி யாரும் எழுதவில்லையே. மூட்டுக்குள் போட்டாலும் மருந்து ரத்தத்தில் கலக்கிறது. முதல் நாளிலிருந்தே சர்க்கரை ஏறலாம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். அந்த வாரம் வீட்டிலேயே நாளுக்கு மூன்று நான்கு முறை பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் அளவை எப்படி மாற்றுவது என்று ஊசிக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். முகம் சிவந்து சூடாவது, ஓரிரு இரவு தூக்கம் வராதது இரண்டும் சகஜம். அலர்ஜி என்று பயப்பட வேண்டாம்.

பிசியோதெரபிஸ்ட்

என்னிடம் வருபவர்கள் மாதக் கணக்குக்காரர்கள். "முதல் ஊசி ஆறு மாதம் தாங்கியது, இரண்டாவது ரெண்டு மாதம், மூன்றாவது பத்து நாள்கூட இல்லை" என்பார்கள்.

இது அதிகம் தெரிவது முழங்கையில், முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும் டென்னிஸ் எல்போவில். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில் 165 பேர். ஒரு வருடம் கழித்து, ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பியிருந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 12 சதவீதம்தான். முதல் மாதத்தில் நிலைமை தலைகீழ், ஸ்டீராய்டுக்காரர்கள்தான் நன்றாக இருந்தார்கள். அந்த முதல் மாதம்தான் ஆளை ஏமாற்றுகிறது.

முட்டிக்கும் ஒன்று உண்டு. பாஸ்டனில் 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம், ட்ரையாம்சினலோன் 40 மி.கி. அல்லது உப்புநீர் போட்டுப் பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவு: வலியில் வித்தியாசம் இல்லை, ஸ்டீராய்டு போட்ட முட்டிகளில் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. முட்டி வீங்கி நீர் கோத்து நிற்கும்போது ஒரு ஊசி போட்டு, கிடைக்கும் வாரங்களில் தொடைத் தசையைத் தயார் செய்வது சரியான வழி. காலண்டரைப் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவதை நான் ஏற்பதில்லை.

குதிகால் வலிக்கு ஊசி போட்டவர்களுக்குத் தனியாக: முதல் இரண்டு வாரம் ஓட்டம், குதிப்பு, வெறுங்கால் நடை கூடாது. உள்ளங்கால் திசுநார் அறுந்தால் 'டப்'பென்று உணர்வு வரும், பாத வளைவில் ரத்தக்கட்டு தெரியும். அதன் பிறகு பழைய குதிகால் வலி குறைந்து, பாத நடுவில் புது வலி வரும். "இடம் மாறிடுச்சு" என்று யாராவது சொன்னால் ஸ்கேன் இல்லாமல் உடற்பயிற்சி தர மாட்டேன். நார் நன்றாக இருந்தால், படிக்கட்டு விளிம்பில் நின்று விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, மூன்று எண்ணி மேலே ஏறி, இரண்டு எண்ணி நின்று, மூன்று எண்ணி இறங்க வேண்டும். 12 முறை, மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒருநாள். தினமும் செய்தால் சீக்கிரம் சரியாகும் என்று செய்து கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

மணிக்கட்டு, முழங்கை மாதிரி மேலாக இருக்கும் இடங்களில் ஒன்று முதல் நான்கு மாதத்தில் தோல் வெளுத்துக் குழி விழலாம். நம் நிறத்துக்கு அது பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் ஒரு வருடமும் ஆகலாம்.

திரியைத் தொடங்கியவர்

முதுகு விடுபட்டுவிட்டது. எபிடூரல் ஊசிக்கு (முதுகில் தண்டுவட உறைக்கு வெளியே போடுவது) பிறகு போட்ட இடத்தில் ஓரிரு நாள் வலி சாதாரணம். உட்கார்ந்தால், நின்றால் மண்டை பிளந்து, படுத்தால் அடங்கினால் தண்டுவட உறையில் சிறு துளை விழுந்து நீர் கசிகிறது என்று பொருள். அதற்கு வைத்தியம் உண்டு, ஆனால் போட்ட மருத்துவருக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

கால் பலமிழப்பது, சிறுநீர் வராமல் நிற்பது, பிறப்புறுப்பைச் சுற்றி மரப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், சீழும் பிடித்திருக்கலாம். குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அதை ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் கூடாது.

படிகத்துக்கு இங்கே இன்னொரு முகம். கழுத்துப் பகுதியில் அது தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் அடைத்துவிடும். பக்கவாதம் வரை போயிருக்கிறது. 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை எச்சரித்தது. அதனால் கழுத்தில் படிகமில்லாத டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டே பாதுகாப்பு. 2012-ல் அமெரிக்காவில் நடந்தது நாள் கணக்கில் மாட்டாத வகை: பூஞ்சை கலந்த மெத்தில்பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு குப்பிகளால் 20 மாநிலங்களில் 750 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பலருக்கு ஊசி போட்டு வாரங்கள் கழித்தே தலைவலி தொடங்கியது.

செவிலியர், எலும்பு முறிவுப் பிரிவு

டாக்டர், முட்டி மாத்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினவங்க, "அதுவரைக்கும் ஒரு ஊசி போட்டு ஓட்டிடலாமா?"ன்னு கேக்கறாங்களே?

எலும்பு சிகிச்சை மருத்துவர்

தேதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வேண்டாம். மாற்றிய மூட்டில் கிருமி பிடிக்கும் அபாயம் கூடுகிறது. ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், தேதியைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். இடுப்பு மூட்டில் ஊசிக்குப் பிறகு சில மாதங்களில் தொடை இடுக்கில் வலி வேகமாக ஏறினால், அடுத்த ஊசிக்கு முன் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். அதில் கோளாறு எதுவும் தெரியாமல் வலியும் குறையவில்லை என்றால் எம்ஆர்ஐ. எலும்புத் தலை இறப்பதும் சிறு முறிவும் முதலில் எக்ஸ்ரேயில் தெரியாது.