குந்தும்போது குதிகால் எழும்புவது ஏன்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருபது ஆண்டுகளாகச் செம்பனைக் குலை அறுத்துவரும் எனக்கு, உதிரிப்பழம் பொறுக்கக் குந்தினால் குதிகால் தரையைவிட்டு எழும்பி முதுகும் வளைந்துவிடுகிறது. இதைப் பயிற்சியால் சரிசெய்ய இயலுமா?

மறுமொழி 1: அண்ணா, தடை எங்கே என்பதை முதலில் கண்டறியுங்கள். குதிகாலுக்கடியில் மெல்லிய பலகையை வைத்துக் குந்தும்போது எளிதாக இறங்க முடிந்தால், குறை பெரும்பாலும் கணுக்காலில்தான் இருக்கும். சுவரை நோக்கி நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இருந்தால் போதுமானது. எனக்கு முதலில் 4தான் வந்தது. வலக்காலில் அதுவும் இல்லை.

மறுமொழி 2: கெண்டைக்காலை 30 விநாடி நீட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அப்படிக் கிடைத்த அசைவை உடனே பயன்படுத்தாவிட்டால் அது தங்காது என்பதால், கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, பாதம் முழுவதும் தரையில் பதிய, மெதுவாகக் குந்தி எழுங்கள். ரப்பர் பூட்சைக் கழற்றிவிட்டுச் செய்வது நல்லது.

மறுமொழி 3: மூட்டில் கூர்மையான வலியோ காலில் மரமரப்போ இருந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேட்டவர்: வலி இல்லை, ஐயா. பலகை வைத்ததும் குதிகால் பதிந்து, முதுகும் நிமிர்ந்தது. சுவர்ச் சோதனையில் 5 வந்தது.