கிண்ணத்தின் அடியில் விரிசல்: வழி சொல்லுங்கள்

வணக்கம். நாலு மாதமாக ஒரு பொது மட்பாண்டக் கூடத்தில் சக்கரத்தில் கிண்ணம் வனைந்து பழகுகிறேன். காயும்போது ஒன்றும் தெரிவதில்லை. 1000 டிகிரியில் முதல் சூளை முடிந்து எடுத்துப் பார்த்தால், அடியில் நட்டநடுவே எஸ் எழுத்துப் போல வளைந்த விரிசல். போன தடவை ஆறில் நாலு போய்விட்டது. அம்மாவுக்கென்று வனைந்த தயிர்க் கிண்ணமும் அதில் ஒன்று. மனசே ஆறவில்லை.

அடியை விரலால் அழுத்தித்தான் விடுகிறேன், தேங்கும் தண்ணீரையும் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கிறேன். ஆனால் அலமாரி எல்லோருக்கும் பொது, மேலே மின்விசிறி வேறு. பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினாலும் மறுநாள் விலகிக் கிடக்கிறது. விளிம்பு முதலில் காய்ந்து அடி ஈரமாகவே நிற்பதுதான் காரணமா? கவிழ்த்துக் காயவைத்தால் சரியாகுமா? அடியை எவ்வளவு கனமாக விடுகிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், புதன்கிழமை மறுபடி மண் பிசையப் போகிறேன்.