கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பொழுதுபோக்காகச் சிறு விமானமும் கிளைடரும் ஓட்டக் கற்க வருபவர்களுக்கான முதல் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இறக்கை, தூக்குவிசை, இழுவை எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. ஐந்தாம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன்.

கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ் என்பதற்குக் 'கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளி' என்று எழுதியிருந்தேன். இரண்டு பக்கம் தள்ளி ரெஸ்ட்ரிக்டட் ஏரியா வருகிறது. அதற்கும் கைக்கு வருவது 'கட்டுப்படுத்தப்பட்ட பகுதி'தான். இரண்டும் வேறு வேறு: முதலாவதில் தரையிலிருந்து விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவார்கள், இரண்டாவதில் குறித்த நிபந்தனைகளின்படிதான் பறக்கலாம். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் படிக்கிறவர் குழம்பத்தான் செய்வார். வியாழன் இரவுக்குள் ஒரு நல்ல சொல் வேண்டும். உதவுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, முதலில் அந்தச் சொல்லின் உடம்பைப் பாருங்கள். கட்டு-ப்-படு-த்த-ப்-பட்ட. ஒரே சொல்லுக்குள் 'படு' இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறது. நாம் 'கட்டிய வீடு' என்கிறோம், 'எழுதிய கடிதம்' என்கிறோம். 'கட்டப்பட்ட வீடு' என்று யாரும் பேசுவதில்லை. செயப்பாட்டு வினை இல்லாமலே பெயரெச்சம் அந்த வேலையைச் செய்துவிடும். ஆகவே குறைந்தது 'கட்டுப்பாட்டு வான்வெளி' என்றாவது சுருக்குங்கள்.

எனக்குப் பிடித்தது வினைத்தொகை. 'ஊறுகாய்' போல மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்கும். ஆண்ட வான், ஆள்கின்ற வான், ஆளும் வான் எல்லாம் சேர்ந்து 'ஆள்வான்'. எவ்வளவு சிறிய சொல் பாருங்கள்.

பறப்புப் பயிற்றுநர் எழுதியது:

அம்மா, 'ஆள்வான்' அழகுதான். ஆனால் வகுப்பில் சொன்னால் 'அவன் ஆளுவான்' என்றுதான் காதில் விழும். "ஆள்வானுக்குள் நுழையும்போது" என்றால் யாருக்குள் என்று கேட்பார்கள்.

என் கவலை சொல்லின் நீளம் இல்லை. 'கட்டுப்பாடு' என்ற சொல்லே இங்கே தப்பான பாடம் நடத்துகிறது. போன மாதம் தமிழிலேயே வகுப்பு எடுத்தேன். பலகையில் ஒரு விமான நிலையம் வரைந்தேன். அதன் மேல் தரையிலிருந்தே எழும்பும் ஒரு உருளை. அதற்கு மேலே, மேலே போகப் போக அகன்றுகொண்டே போகும் படிகள், படிக்கட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி. வான்வெளியை ஏ முதல் ஜி வரை ஏழு வகுப்பாகப் பிரிப்பார்கள் அல்லவா, ஒவ்வொரு படியிலும் அதன் வகுப்பு எழுத்தைப் போட்டேன். ஓரத்தில் இருந்த ஈ வகுப்புப் படியைத் தொட்டு, "வானம் தெளிவாக இருக்கிறது, வெளியே பார்த்தே ஓட்டுகிறீர்கள். இதற்குள் நுழைய என்ன வேண்டும்?" என்று கேட்டேன். கிட்டத்தட்ட எல்லோரும் "அனுமதி" என்றார்கள். ஏன் என்றால், "கட்டுப்பாடு என்று எழுதியிருக்கிறதே!"

பன்னாட்டு விதிப்படி ஈ வகுப்பும் கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ்தான். ஆனால் பார்வை விதியில், அதாவது வெளியே பார்த்தே, பறப்பவருக்கு அங்கே அனுமதியும் வேண்டாம், வானொலித் தொடர்பும் கட்டாயம் இல்லை. கருவி விதியில், அதாவது கருவிகளைப் பார்த்து, வருபவருக்குத்தான் அனுமதி வேண்டும், அவர்களைத்தான் ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரித்து வைப்பார்கள். டி வகுப்பில் பார்வை விதிக்காரருக்கும் அனுமதி வேண்டும், வானொலியும் வேண்டும். ஏ வகுப்பில் பார்வை விதிப் பறப்புக்கே இடமில்லை. ஏ முதல் ஈ வரை ஐந்துக்கும் ஒரே பொதுப்பெயர்.

அந்தப் பொதுப்பெயரின் வரையறை என்ன? வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சேவை கிடைக்கும், எல்லை வகுத்த வான்வெளி. சேவை என்பதுதான் அதில் மையம். 'உள்ளே வராதே' என்ற பொருள் அதில் எங்கும் இல்லை.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

பயிற்றுநர் ஐயா சொன்ன பிறகு வழி தெளிவாகிவிட்டது. சேவை என்பது வடசொல், அதை விடுவோம். ஆனால் அந்தக் கருத்துக்கு நம்மிடம் 'நெறி' இருக்கிறது. நெறி என்றால் வழி, ஒழுங்கு இரண்டும். கட்டுப்படு, கட்டுப்பாடு ஆவது போல நெறிப்படு, நெறிப்பாடு. ஆகவே 'நெறிப்பாட்டு வான்வெளி'. ரெஸ்ட்ரிக்டட் என்பதற்குக் 'கட்டுப்பாட்டுப் பகுதி' என்றே வைத்துக்கொள்ளலாம். குழப்பம் தீர்ந்தது.

கூடவே ஒன்று. கையேட்டில் 'விமானி' என்று இருப்பதை மாற்றுங்கள். புறநானூற்று 27ஆம் பாடலிலேயே 'வலவன் ஏவா வான ஊர்தி' வந்துவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள 'வலவன்' இருக்க, 'விமானி' எதற்கு?

தமிழாசிரியர் எழுதியது:

ஐயா, அந்த அடி என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. அதனாலேயே சொல்கிறேன். அது சொல்வது வலவன் *ஏவா* ஊர்தி. ஓட்டுநர் இல்லாமல் தானே செல்வது. புலவர் பாடும் புகழ் பெற்றவர்கள் விண்ணுலகம் போகும் ஊர்தி அது. அந்த அடியை விமானிக்குச் சான்றாகக் காட்டுவதைவிட ஆளில்லா வானூர்திக்குக் காட்டுவது பொருத்தம். வலவன் தேரோட்டி. குதிரையின் கடிவாளம் பிடித்த கை. அந்தக் கை விமானத்துக்கும் பொருந்தும் என்று நானும் நினைக்கிறேன், ஆனால் அந்தப் பாட்டின் பெயரால் வேண்டாம்.

'ஏவா' என்பதிலுள்ள ஏவு என்ற வினையைக் கவனியுங்கள். அம்பை ஏவுவதும் ஆளை ஏவுவதும் ஒரே வினை. ஏவல் என்றால் கட்டளை. விமான நிலையக் கோபுரத்திலிருந்து கட்டளை வரும் வான்வெளியை 'ஏவல் வான்' என்று சொன்னால்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அம்மா, ஏவல் என்றதும் பில்லி சூனியம்தான் நினைவுக்கு வரும். வேண்டாம். 'நெறிப்பாட்டு வான்வெளி' எனக்கு நன்றாகப் படுகிறது. வேறு யாருக்கும் மறுப்பு உண்டா?

ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டாளர் எழுதியது:

எனக்கு உண்டு.

பல ஆண்டுகள் கோபுரத்தில் வேலை பார்த்தவன் நான். என் வேலையைத் தமிழில் கேட்டவர்களுக்குக் 'கட்டுப்பாட்டாளர்' என்றுதான் சொன்னேன். நான் இருந்த இடம் கட்டுப்பாட்டுக் கோபுரம். செய்தித்தாளில் "கட்டுப்பாட்டு அறையுடன் தொடர்பு துண்டிக்கப்பட்டது" என்று வராத நாள் உண்டா? இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே வேரில் நிற்கின்றன. வான்வெளிக்கு மட்டும் 'நெறிப்பாடு' என்று வைத்தால் அந்த இடத்துக்குப் பொறுப்பானவருக்கு என்ன பெயர்? நெறியாளரா? ஆய்வு மாணவருக்கு வழிகாட்டுபவர் நெறியாளர். தொலைக்காட்சியில் விவாதம் நடத்துபவரும் நெறியாளர். அவர்கள் யாரும் விமானத்தை இறக்க மாட்டார்கள்.

மாணவர்கள் தவறாகச் சொன்னதற்குக் காரணம் சொல் அல்ல, பாடம். கன்ட்ரோல்டு என்று ஆங்கிலத்திலேயே படிப்பவர்களும் ஈ வகுப்பில் இதே தவறைச் செய்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். மாற்ற வேண்டியது ரெஸ்ட்ரிக்டட் என்பதன் சொல்லைத்தான். அங்கே பறக்கலாம், ஆனால் குறித்த நிபந்தனைகளின்படி. ஆகவே 'நிபந்தனைப் பகுதி'. பறக்கவே கூடாத இடம் 'தடைப் பகுதி'. குறித்த நேரங்களில் ஆபத்தான வேலை நடக்கக்கூடிய இடம் 'ஆபத்துப் பகுதி'. 'கட்டுப்பாடு' என்ற சொல்லை எங்களுக்கே விட்டுவிடுங்கள்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. இணைப்பில் வந்த வரைவைப் பார்த்தேன். கிளியரன்ஸ், பெர்மிஷன், அப்ரூவல் மூன்றுக்கும் 'அனுமதி' என்றே இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் தெனெரீஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையின் முனையில் நின்ற விமானத்துக்குக் கோபுரம் கொடுத்தது, எழுந்த பிறகு எந்த வழியில் போவது என்பதற்கான கிளியரன்ஸ். அந்த வாசகத்தில் 'டேக்-ஆஃப்', அதாவது தரையை விட்டு எழுதல், என்ற சொல்லும் இருந்தது. எழுவதற்கான கிளியரன்ஸ் வரவில்லை, ஆனால் விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. அதன் பிறகுதான் எழுவதற்கு உத்தரவு கொடுக்கும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் தவிர வேறெங்கும் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது, மற்ற இடத்தில் 'டிபார்ச்சர்' (புறப்பாடு) என்றே சொல்ல வேண்டும் என்ற வழக்கம் உறுதியானது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பது எங்களுக்கு இலக்கண ஆசை அல்ல.

பறப்புப் பயிற்றுநர் எழுதியது:

ஐயா சொன்னதை முழுதும் ஏற்கிறேன். வானொலியில் என் மாணவர்கள் ஆங்கில வாசகத்தைத்தான் சொல்வார்கள், தமிழில் யாரும் கிளியரன்ஸ் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சொல் காதில் விழும்போது மனசுக்குள் என்ன பொருள் எழுகிறது என்பது தாய்மொழியில்தான் முடிவாகிறது. 'அனுமதி' என்றால் "சரி, போகலாம்" என்று மட்டும் புரிகிறது. கிளியரன்ஸில் வழி, உயரம், எதுவரை என்ற எல்லை எல்லாம் இருக்கும். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னதை மீறக் கூடாது.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

அனுமதியும் வடசொல்தான். 'விடை' என்று வையுங்கள். விடை கொடுத்தான், விடை பெற்றான் என்கிறோமே, போவதற்கு இசைவு என்பதுதான் அதன் பொருள். அமைப்பையும் பாருங்கள்: கொடு, கொடை. தடு, தடை. விடு, விடை. பறக்கக் கூடாத இடத்துக்குத் தடை, பறக்கச் சொல்வதற்கு விடை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. இதைவிட இயல்பான இணை எந்த மொழியில் கிடைக்கும்?

தமிழாசிரியர் எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். தடை, விடை! நட நடை, உடு உடை என்று அந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது. 'வழிவிடை' என்று சேர்த்தால் கிளியரன்ஸில் உள்ள வழியும் வந்துவிடுகிறதே.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கையேட்டின் ஒவ்வொரு பாடமும் பயிற்சிக் கேள்விகளோடு முடிகிறது. கடைசிப் பக்கத்தின் தலைப்பு 'விடைகள்'. ஐந்தாம் பாடத்தின் நான்காம் கேள்வி இப்படி இருக்கும்: "கோபுரத்திடம் விடை பெறாமல் நுழையக் கூடிய வகுப்பு எது? விடையை எழுதுக." படித்துப் பார்த்துவிட்டு நானே அடித்துவிட்டேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வகுப்பு எழுத்துகளை எப்படி எழுதுவது? வரைபடத்தில் ஆங்கில எழுத்துதான் இருக்கும். தமிழில் 'ஏ வகுப்பு', 'ஈ வகுப்பு' என்று எழுதினால் அவை தமிழ் உயிரெழுத்துகளாகவும் தெரிகின்றன. நம் வரிசையில் ஈ நான்காவது, அங்கே ஐந்தாவது. நம் ஏ எட்டாவது, அங்கே முதலாவது. ஒரு மாணவர் "ஏ முதல் ஈ வரை என்றால் பின்னோக்கியா?" என்று கேட்டதாகப் பயிற்றுநர் தொலைபேசியில் சொன்னார்.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ. ஏழு வகுப்பு, ஏழு எழுத்து.

ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டாளர் எழுதியது:

கூடவே கூடாது ஐயா. அப்படி வைத்தால் வரைபடத்தின் டி வகுப்பு கையேட்டில் 'ஈ' ஆகிவிடும். அனுமதி வேண்டிய இடத்தை வேண்டாத இடம் என்று நினைத்து ஒருவர் நுழைவார். இதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. வானொலியில் நாங்கள் சொல்வது போலவே எழுதுங்கள்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ, ஃபாக்ஸ்ட்ராட், கால்ஃப். 'எக்கோ வகுப்பு' என்றால் யாருக்கும் குழப்பம் வராது. பிறமொழிச் சொல் என்று மனம் வருந்த வேண்டாம். தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகச் சொன்னபோதே வெளியிலிருந்து வரும் சொல்லுக்கும் இடம் வைத்துவிட்டார்.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

எழுத்துகளுக்கு ஒத்துக்கொள்கிறேன். அவை பெயர்கள், பொருள் தரும் சொற்கள் அல்ல. மற்றவற்றில் என் கருத்து மாறவில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வியாழன் இரவு பதினொன்று. வந்த கருத்துகளை எண்ணிப் பார்த்தேன். 'நெறிப்பாட்டு வான்வெளி'க்கு நான்கு பேர், 'கட்டுப்பாட்டு வான்வெளி'க்கு மூன்று பேர். ஆசிரியர் அம்மா கடைசியில் நெறிப்பாட்டுப் பக்கம் வந்தார், அதுவும் "சரி, ஆள்வானை அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லி. முதல் முறை வரும் இடத்தில் 'நெறிப்பாட்டு வான்வெளி, அதாவது கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ்' என்று போடுகிறேன். தடைப் பகுதி, நிபந்தனைப் பகுதி, ஆபத்துப் பகுதி, எக்கோ வகுப்பு ஆகியவை அப்படியே. கிளியரன்ஸ் இந்தப் பதிப்பில் 'கிளியரன்ஸ்' என்றே இருக்கும். 'அனுமதி'யை அந்த இடங்களிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டாளர் எழுதியது:

உழைப்புக்கு நன்றி தம்பி. மெய்ப்பு பார்த்தேன். பக்கம் 31: "நெறிப்பாட்டு வான்வெளிக்குள் நுழையும் முன் கட்டுப்பாட்டாளரைத் தொடர்புகொள்க." அச்சுக்கு அனுப்பும் முன் அந்த ஒரு வாக்கியத்தை மாணவர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அந்தக் கட்டுப்பாட்டாளர் எந்த வான்வெளிக்குக் கட்டுப்பாட்டாளர் என்று அவர் கேட்டால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எக்கோ வகுப்பில் அந்த வாக்கியமே பார்வை விதிக்காரருக்குப் பொருந்தாது என்பதையும் பயிற்றுநரிடம் சொல்லித் திருத்திவிடுங்கள்.