புதுப்பிப்பு: ஓடுகிற பிள்ளைகளும் கலங்கிய படங்களும்

போன மாதம் புலம்பியிருந்தேன்: அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் ஹாலில் ஓடிப்பிடித்து விளையாடும்போது எடுத்த படமெல்லாம் கலங்கிப்போகிறது, லென்ஸை மாற்றவா என்று. மாற்றவில்லை. லென்ஸில் குற்றமே இல்லை.

ஷட்டர் வேகம்தான், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது. கேமராவை ஆட்டோ மோடில் விட்டிருந்தேன், வீட்டு வெளிச்சத்துக்கு அது 1/60 நொடிக்கு இறங்கிவிடுகிறது. சோபாவிலிருந்து குதிக்கிற ஐந்து வயதுப் பையனுக்கு அது எந்த மூலைக்கு? இப்போது ஷட்டரை 1/500-இல் நிறுத்தி, 50 மி.மீ. லென்ஸின் வாயை நிறைய வெளிச்சம் வர எஃப்/2-க்கு அகலமாகத் திறந்து, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறன்) 6400 வரை போக விட்டிருக்கிறேன். படத்தில் புள்ளி தெரியத்தான் செய்கிறது. பரவாயில்லை, முகம் முகமாக இருக்கிறதே.

ஒரு புதுத் தலைவலி. இரவில் எல்ஈடி விளக்கில் எடுத்தால் சில படங்களில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நொடிக்கு 50 சுழற்சி. மலிவான விளக்குகள் சில சுழற்சிக்கு இரண்டு முறை வீதம் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டரை 1/100-க்கு இறக்கினால் ஒரு மினுங்கல் முழுதாக அதற்குள் அடங்கிவிடும், கோடு போகும், பையன் கலங்குவான். அதனால் இரவில் எடுப்பதையே விட்டுவிட்டேன். காலையில் பால்கனிக் கதவைத் திறந்து, பக்கத்திலேயே பாயை விரித்துத் தலையணைகளைக் குவித்துவிடுகிறேன். குதிக்க இடம் கிடைத்தால் அவர்களே வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

அப்புறம், தரையில் உட்கார்ந்து எடுங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தீர்கள். சரிதான், முட்டிதான் வலிக்கிறது. போன ஞாயிறு எடுத்த 212 படங்களில் ஒன்பது தேறின. ஒன்றில் சின்னவள் அந்தரத்தில், பின்னல் நேராக மேலே நிற்கிறது. அக்கா அதைப் பிரேம் போடக் கொடுத்துவிட்டாள்.